மங்கிய ஒளியும் வாங்கியின் பிழையும்

பிரித்தானியக் கடற்படை 1957 வரை தளமாகக் கொண்டிருந்த திருகோணமலையில், கப்பல்கள் விளக்கின் மறைப்பைத் திறந்தும் மூடியும் மோர்ஸ் குறிகளால் உரையாடின. உப்புவெளிக் கரையில் நின்று அத்தகைய விளக்கொன்றை நாம் நோக்குவதாகக் கொள்வோம். போர்க்காலத்தில் அது மங்கலாகவே எரிதல் வேண்டும். நண்பன் காணவும் வேண்டும், பகைவன் காணாதிருக்கவும் வேண்டும். எவ்வளவு மங்கலாம்? நல்ல கருவி இருப்பின் எவ்வளவு மங்கிய குறியையும் பிழையின்றி வாசிக்கலாம் என்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கை தவறானது.

ஒளி இடையறாத ஒழுக்காகப் பதிவாவதில்லை. போட்டன் எனும் சக்திச் சொட்டுக்களாகவே வாங்கியில் எண்ணப்படுகின்றது. சராசரியாக 1 போட்டனைக் கொண்ட லேசர்த் துடிப்பை 100 முறை அனுப்பின், ஏறத்தாழ 37 முறை ஒன்றுமே பதியாது. குறையற்ற வாங்கியும் அப்போது விளக்கு மூடியிருந்ததாகவே கூறும்.

லேசர் ஒளியின் இவ்வியல்பைச் சொட்டுக் கொள்கைவழி 1963இல் விளக்கியோர் கிளோபரும் சுதர்சனும் ஆவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் கற்ற சுதர்சன், கிளோபர் பங்குபெற்ற 2005ஆம் ஆண்டு நோபெல் பரிசில் விடப்பட்டமை எமக்கு உடன்பாடன்று.

பிழையின் கீழெல்லையைக் கணித்தவர் அமெரிக்கரான ஹெல்ஸ்ட்ரம். திறந்து மூடுவதற்குப் பதிலாக, ஒன்றின் முகட்டுக்கு மற்றதன் பள்ளம் நேராக அமையும் எதிர் அவத்தைத் துடிப்புக்கள் இரண்டைக் குறிகளாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் சராசரி 1 போட்டனாயின், வலிய லேசரொளியுடன் கலந்து அவத்தையை அளக்கும் வழமையான வாங்கி 1000 குறிகளில் 23ஐப் பிழையாக வாசிக்கும். ஹெல்ஸ்ட்ரம் எல்லையோ ஏறத்தாழ 5.

1973இல் கெனடி கூறிய வழி எளியது. வாங்கியிலேயே அளவான லேசரொளியைச் சேர்த்து, இரு குறிகளுள் ஒன்றை முற்றாக அணைத்துவிடுதல். மற்றதன் வீச்சம் இருமடங்காகும். போட்டன்கள் சராசரி 4 ஆகும். ஒன்று பதிந்தாலும் விடை தெளிவு. அந்நான்கும் பதியாது போகும் அரிய தருணங்களே பிழையாக எஞ்சும், 1000இல் 9.

அதே ஆண்டில் டொலினர் இன்னும் நுட்பமாகச் சிந்தித்தார். அவரது வாங்கி துடிப்பு முடியும்வரை காத்திருப்பதில்லை. ஒவ்வொரு போட்டன் பதியுந்தோறும் தன் ஊகத்தை மாற்றி, சேர்க்கும் ஒளியையும் உடனுக்குடன் திருத்துகின்றது. பேச்சு முடியுமுன்பே பொருளை ஊகித்து, அடுத்த சொல்லால் அதைத் திருத்திக்கொள்ளும் செவியை இது ஒக்கும். கோட்பாட்டளவில் இவ்வாங்கி ஹெல்ஸ்ட்ரம் எல்லையையே தொடும்.

இதனை ஆய்வுகூடத்திற் செய்துகாட்ட 2007 வரை காலம் சென்றது. குக், மார்ட்டின், ஜெரேமியா ஆகியோர் அதற்குத் தெரிந்தெடுத்த குறிகள் இரண்டு: ஒளி, ஒளியின்மை. கப்பல் விளக்கின் குறிகளும் அவையே.