ஏ.பி. என்றால் எந்த மாநிலம்?

படிவத்தில் 'மாநிலம்' என்ற கட்டத்தை அவரவர் விருப்பப்படி ஆங்கிலத்தில் நிரப்பச் சொன்னால், தமிழ்நாடு பல வேடங்களில் வரும்: சேர்த்து எழுதியது, பிரித்து எழுதியது, டி.என்., புள்ளியில்லாத டிஎன். பார்க்கிற நமக்கு எல்லாம் ஒன்றுதான். எண்ணுகிற கணினிக்கு ஒவ்வொன்றும் தனி மாநிலம். பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், கணக்கு பிசகிவிடும். எக்செல்லின் 'டிரிம்' சாதாரண இடைவெளியை நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது கூடவே வருகிற 160-ஆம் எண் இடைவெளியைத் தொடாது. கண்ணுக்கும் தெரியாததால் பலரைத் திணறடிப்பது இதுதான்.

எழுத்துப்பிழையைச் சரிசெய்ய நல்ல வழி இருக்கிறது. ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் வகுத்த அளவு. 'தமிழ் நாடு', 'தமிழ்நாடு' இரண்டுக்கும் தூரம் 1. ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் இதுபோன்ற உத்திகளால் ஒத்த பெயர்களைக் கூட்டாகத் திரட்டித் தரும்.

சுருக்கப் பெயரிடம் இந்த வித்தை பலிக்காது. ஆங்கில எழுத்தில் டி.என். முழுப் பெயராக 8 எழுத்து சேர வேண்டும், நடுவிலுள்ள இடைவெளியையும் சேர்த்து. எம்.பி. யு.பி.யாக ஓர் எழுத்து மாறினால் போதும். இயந்திரத்தை நம்பி விட்டால் மத்தியப் பிரதேசத்தையும் உத்தரப் பிரதேசத்தையும் இணைத்துவிடும்! இதற்குக் கையால் ஒரு பட்டியல் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இடப்பக்கம் கண்ட எல்லா வடிவமும், வலப்பக்கம் ஒரே பெயரும் ஒரு குறியீடும். குறியீட்டுக்கு ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கமே போதும். தமிழ்நாடு 33, புதுச்சேரி 34. ஒரிசா (2011-இல் ஒடிசா ஆனது), பாண்டிச்சேரி போன்ற பழைய பெயர்களும் இடப்பக்கம் இருக்கட்டும்.

ஏ.பி. ஆந்திராவா, அருணாசலமா? பக்கத்துக் கட்டத்து அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். 79-இல் தொடங்கினால் ஆந்திரா இல்லை. 500001 என்றால் ஹைதராபாத். 2014 ஜூன் 2-க்கு முந்தைய பதிவானால் ஏ.பி. என்று எழுதியது சரி, பிந்தையதானால் தெலங்கானா. ஆகவே மூலப் பத்தியை அழிக்காமல் பக்கத்தில் புதுப் பத்தி போடுங்கள்.

அஞ்சல் குறியீடும் ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். மாகேயின் 673310 கேரள வரிசை, ஏனாமின் 533464 ஆந்திர வரிசை. இரண்டுமே புதுச்சேரி, அங்கே ஊர்ப் பெயரையும் பார்த்தாக வேண்டும்.