பூந்தமல்லிக்குப் புல்லட் ரயில் வந்தால் காட்பாடிக்கு என்ன ஆகும்?

சென்னையிலிருந்து பெங்களூரு வழியாக மைசூருக்கு அதிவேக ரயில் பாதை அமைப்பதற்காக முன்பு வெளிவந்த ஒரு வரைவு, 435 கிலோமீட்டருக்கு ஒன்பதே நிலையங்களைச் சொல்கிறது. சென்னையை அடுத்தது பூந்தமல்லி. பிறகு அரக்கோணம், சித்தூர், பங்காருபேட்டை, பெங்களூரு என்று போகிறது. பூந்தமல்லிக்குப் பக்கத்தில், ஊரில் ரயில் நிலையம் இல்லாமல் திருமுல்லைவாயிலுக்கோ ஆவடிக்கோ போய் மின்சார ரயில் பிடிக்கும் திருவேற்காட்டு மக்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால் இப்போதைய பாதையிலுள்ள காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. புதிய பாதை திறந்தபின் பழைய பாதையில் எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதை, முதல் தூண் எழும்புவதற்கு முன்பே எழுதி உறுதிசெய்ய வேண்டும் என்கிறேன்.

தனிப் பாதை தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே தண்டவாளத்தில் வேக வண்டியும் நின்று செல்லும் வண்டியும் ஓடினால் இடம் வீணாகிறது. சராசரி 120 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 60 கிலோமீட்டரை அரை மணியில் கடக்கும்; 40 கிலோமீட்டர் சராசரியில் போகும் பாசஞ்சருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். பாசஞ்சர் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னதாகவே புறப்பட வேண்டும், இல்லையென்றால் வழியில் லூப் லைனில் ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். எல்லா வண்டிகளும் ஒரே வேகத்தில் ஓடினால் அதே ஒரு மணி நேரத்தில் பல வண்டிகளை விடலாம். 2022 நவம்பரில் மைசூரு வந்தே பாரத் இந்த வழியில் ஓடத் தொடங்கியபின் வேக வேறுபாடு இன்னும் கூடியிருக்கிறது. அம்பத்தூர், ஆவடி பக்கம் புறநகர் வண்டிகளுக்குத் தனித் தடங்கள் இருப்பதால் நமக்கு இது அவ்வளவாக உறைப்பதில்லை.

வேக வண்டிகள் தனிப் பாதைக்குப் போய்விட்டால் பழைய பாதையில் உள்ளூர் வண்டிகளுக்குத் தானாகவே இடம் கிடைத்துவிடுமே என்பார்கள். கிடைக்கலாம், 1964இல் தோக்கியோ–ஒசாகா ஷின்கான்சென் வந்தபின் பழைய தொக்காய்தோ பாதை செழிப்பாகவே ஓடியது. ஆனால் அதே ஜப்பானில் 1997இல் நாகானோ வரை ஷின்கான்சென் திறந்த நாளில், மலையேறும் யோகோகாவா–கருயிசாவா பகுதியை மூடிவிட்டார்கள். அங்கே இப்போது பேருந்துதான். அதற்கு அப்பாலுள்ள உள்ளூர்ப் பாதை தனி நிறுவனத்திடம் போனது. காட்பாடிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜெர்மனியின் யேனா. லட்சம் பேருக்கு மேல் வாழும் பல்கலைக்கழக நகரம் அது. 2017 டிசம்பரில் எர்ஃபுர்ட் வழியாகப் புதிய பாதை திறந்ததும் பெர்லின்–மூனிக் பயணம் ஆறு மணி நேரத்திலிருந்து சுமார் நான்காகக் குறைந்தது. யேனாவில் நின்றுகொண்டிருந்த அதிவேக வண்டிகள் வேறு வழியில் போய்விட்டன. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற நோயாளிகள் இறங்குவது காட்பாடியில். அந்த ஊருக்கு இப்படி நேர்வது சிறிய இழப்பு அல்ல.

நின்று செல்லும் வண்டிகளால் நட்டம்தானே, ஏன் ஓட்ட வேண்டும் என்பது கடினமான கேள்வி. பயணிகள் போக்குவரத்தின் நட்டத்தைச் சரக்கு வருவாயால் ஈடுகட்டுவதே இந்திய ரயில்வேயின் வழக்கம். அதனால்தான் எனக்குக் கவலை: காலியாகும் நேரங்களைச் சரக்கு ரயில்களுக்குக் கொடுப்பதே நிர்வாகத்துக்கு எப்போதும் லாபம். சரக்கும் ஓடட்டும்; லாரிகள் குறைவது நல்லது. ஆனால் அதிவேகப் பாதையின் செலவு நியாயமாவது இரண்டு பாதைகளும் சேர்ந்து தரும் பயனால்தான். கொரோனாவுக்குப் பின் பாசஞ்சர்கள் எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாறியபோது 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ஆனது. பழையபடி இறங்கியது 2024இல்தான். எழுத்தில் உறுதி இல்லாத சேவை இப்படித்தான் நழுவும்.

இருபது ஆண்டுக்குப் பிந்தைய அட்டவணையை இப்போதே எப்படி எழுதுவது என்றால், நிமிடக் கணக்கு தேவையில்லை. குறைந்தபட்ச அளவு போதும். சென்னைக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே பகலில் மணிக்கு ஒரு நின்று செல்லும் வண்டி, காட்பாடியில் நிற்கும் விரைவு வண்டிகளின் இன்றைய எண்ணிக்கைக்குக் குறையாத சேவை, அரக்கோணத்தில் அதிவேக ரயிலுக்கு ஏற்ற இணைப்பு வண்டி. நிலம் எடுப்பதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் பூந்தமல்லியில் நடக்கும்போது, இந்த மூன்றும் திட்ட அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று நம் பகுதிக்காரர்கள்தான் கேட்க வேண்டும்.