பேனா வைத்த புள்ளி எங்கே போனது?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ஒரு காலத்தில், பேனாவைப் பிடித்துத் தாளில் தானாக வரையும் பேனா பிளாட்டர் வைத்து ஆலைகளுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர். தமிழ் எழுத்துகளை ஒற்றைக் கோடாகத் தாமே வரைந்து, பி.எல்.டி. கோப்புகளாகச் சேமித்து வைத்திருக்கிறார். மகன் இப்போது பெயர்ப்பலகைக் கடை நடத்துகிறார். தகட்டில் எழுத்துப் பொறிக்க ஒரு சிறிய சி.என்.சி. மெஷின் வாங்கியதும், அப்பாவின் கோப்புகளை அதில் ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் போட்டு, மெஷினுக்குப் புரியும் கட்டளை மொழியான ஜி-கோடாக மாற்றினார். மெஷின் ஓடியது. பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தால் தமிழில் ஒரு புள்ளிகூட இல்லை. ‘கண்ணன்’ என்ற பெயர் ‘கணணன’ என்று நிற்கிறது. கீழே ஆங்கிலத்தில் இருக்க வேண்டிய முகவரி வரி அடியோடு காணவில்லை. “மெஷின் கோளாறா, கோப்பு கெட்டுவிட்டதா?” என்று கேட்கிறார்.

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. நடுவில் நின்று மாற்றிய மென்பொருளுக்குப் பேனாவைப் பற்றிச் சில விஷயங்கள் தெரியவில்லை. அவற்றைச் சொல்ல எனக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு இந்தக் கடிதம்.

பி.எல்.டி. கோப்புக்குள் பெரும்பாலும் இருப்பது எச்.பி.ஜி.எல். என்ற கட்டளை மொழி. ஹியூலெட் பேக்கார்டு நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் தன் பேனா பிளாட்டர்களுக்காக உருவாக்கியது. பிறகு மற்றவர்கள் செய்த பிளாட்டர்களும் ஸ்டிக்கர் வெட்டும் மெஷின்களும் அதையே ஏற்றுக்கொண்டன. நோட்பேடில் திறந்தால் நாமே படித்துவிடலாம். கட்டளைகள் எல்லாம் இரண்டே எழுத்து. ‘எஸ்.பி. 1’ என்றால் ஒன்றாம் பேனாவை எடு. ‘பி.யு.’ என்றால் பேனாவைத் தூக்கு, ‘பி.டி.’ என்றால் இறக்கு. பின்னால் வரும் இரண்டு எண்கள் பேனா போய்ச் சேர வேண்டிய இடம். ஓர் அலகு 0.025 மில்லிமீட்டர். 40 அலகு ஒரு மில்லிமீட்டர், 1016 அலகு ஓர் அங்குலம்.

ஜி-கோடு வந்த வழி வேறு. அது உலோகம் கடையும் பட்டறையில் பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த சர்வோமெக்கானிசம் ஆய்வகம், துளையிட்ட நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினை 1952இல் இயக்கிக் காட்டியது. அந்த மரபில் வளர்ந்த கட்டளைகள் 1980இல் ஆர்.எஸ். 274-டி என்ற தரமாக ஏற்கப்பட்டன. வெகுகாலம் பெரிய ஆலைகளின் சொத்தாக இருந்த இந்த மொழியைச் சின்னக் கடைகளுக்குக் கொண்டுவந்ததில் ஜி.ஆர்.பி.எல். என்ற மென்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. நார்வேக்காரரான சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009இல் தொடங்கியது அது. 32 கிலோபைட் நினைவகம் உள்ள ஆர்டுயினோ அட்டையில் அது ஓடிவிடும்.

ஒரு கோட்டை மட்டும் எடுத்து மாற்றிப் பார்ப்போம். கோப்பில் ‘பி.யு. 400, 400; பி.டி. 2400, 400;’ என்று இருக்கிறது. 40ஆல் வகுத்தால், எக்ஸ் 10இல் தொடங்கி 60இல் முடியும் 50 மில்லிமீட்டர் கோடு. பிளாட்டருக்கு இவ்வளவு போதும். அதே கோட்டைச் சி.என்.சி. பொறிக்க வேண்டுமானால் இப்படி எழுத வேண்டும்: ‘ஜி21’, அளவெல்லாம் மில்லிமீட்டர். ‘ஜி90’, எல்லா இடத்தையும் பூஜ்யத்திலிருந்து கணக்கிடு. ‘எம்3 எஸ்12000’, வெட்டும் பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடவிடு. ‘ஜி0 இசட்3’, பிட்டைத் தகட்டுக்கு மேலே 3 மில்லிமீட்டர் தூக்கு. ‘ஜி0 எக்ஸ்10 ஒய்10’, கோடு தொடங்கும் இடத்துக்கு வேகமாகப் போ. ‘ஜி1 இசட்-0.2 எஃப்60’, 0.2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மெதுவாக இறங்கு. ‘ஜி1 எக்ஸ்60 எஃப்300’, நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் வேகத்தில் வெட்டிக்கொண்டே போ. ‘ஜி0 இசட்3’, மறுபடி தூக்கு.

12000, 3, 0.2, 60, 300. இந்த ஐந்து எண்களில் ஒன்றுகூட வரைபடக் கோப்பில் கிடையாது. பேனாவுக்கு ஆழம் இல்லை. இறங்கினால் தாளைத் தொடும், அவ்வளவுதான். பேனா வேகத்துக்கு ‘வி.எஸ்.’ என்று ஒரு கட்டளை உண்டு, ஆனால் அது மை காயாமல் கோடு விழுவதற்கான வேகம். பித்தளையில் அதே வேகத்தில் ஓடினால் பிட் முனை ஒடிந்துவிடும். ஆகவே மாற்றும்போது யாரோ ஒருவர் இந்த ஐந்து எண்களையும் தீர்மானித்தே ஆக வேண்டும். நீங்கள் தீர்மானிக்காவிட்டால், உங்கள் தகட்டைப் பார்த்தே இராத மென்பொருள் தீர்மானிக்கும்.

இவற்றில் ஆழம்தான் முக்கியம். பொறிப்பதற்கு நாம் வாங்குவது பெரும்பாலும் கூம்பு முனை பிட். 60 டிகிரி பிட் 0.2 மில்லிமீட்டர் இறங்கினால் கோட்டின் அகலம் ஏறக்குறைய 0.23 மில்லிமீட்டர். 0.3 இறங்கினால் அகலம் 0.35. ஆழம் மாறினால் எழுத்தின் தடிமனும் மாறுகிறது. தகடு நடுவில் கொஞ்சம் உப்பியிருந்தால் நடு எழுத்துகள் தடித்து, ஓரத்து எழுத்துகள் மெலிந்து, சில இடங்களில் கோடே இல்லாமல் போகும். இதற்காகத்தான் அனுபவசாலிகள் தகட்டை அழுத்திப் பிடிப்பதிலும் மட்டம் பார்ப்பதிலும் அவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள்.

பேனா எண்ணையும் வீணாக்கக் கூடாது. பிளாட்டரில் ஒன்றாம் பேனா கறுப்பு, இரண்டாம் பேனா சிவப்பு என்று நிறத்துக்காக வைத்திருப்பார்கள். பொறிக்கும்போது அதே எண்ணை ஆழத்துக்கு அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்: ஒன்றாம் பேனாவின் கோடுகள் எழுத்து, 0.2 மில்லிமீட்டர், இரண்டாம் பேனாவின் கோடுகள் பலகையின் வெளி விளிம்பு, முழுக் கனமும் வெட்ட வேண்டியவை. விளிம்பைக் கடைசியில்தான் வெட்ட வேண்டும். முதலிலேயே வெட்டினால் பலகை கழன்று ஆடும், எழுத்துக் கோணும்.

இனி, காணாமல் போன ஆங்கில வரிக்கு வருவோம். தமிழ் எழுத்து வந்து ஆங்கிலம் மட்டும் மறைந்த காரணம் எச்.பி.ஜி.எல். மொழியின் ‘எல்.பி.’ என்ற கட்டளையில் இருக்கிறது. ‘இந்த இடத்தில் இந்தச் சொற்களை எழுது’ என்பது அதன் பொருள். கோப்பில் சொற்கள் மட்டும் இருக்கும், அவற்றின் கோடுகள் இருக்காது. ஒவ்வோர் ஆங்கில எழுத்தையும் எந்தக் கோடுகளால் வரைய வேண்டும் என்பது பிளாட்டரின் நினைவகத்திலேயே பதிந்திருந்தது. தமிழ் அதில் இல்லாததால்தான் அப்பா கோடு கோடாக வரைந்தார். வரைந்தது பிழைத்தது. பிளாட்டரை நம்பி விட்ட வரி, பிளாட்டர் போனதும் கூடவே போய்விட்டது.

இந்தக் கட்டளையில் இன்னொரு கண்ணியும் உண்டு. மற்றக் கட்டளைகள் அரைப்புள்ளியில் முடியும். ‘எல்.பி.’ முடிவது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியில், ஆஸ்கி வரிசையில் 3 என்ற எண்ணில். இதை அறியாத மாற்றி, சொற்களையும் கட்டளை என்று படிக்கப் பார்க்கும். கோயம்புத்தூர்க் கடைப் பெயர்களில் ‘பம்ப்’ வராமல் இருக்குமா? ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்தும், பேனாவைத் தூக்கும் கட்டளையின் இரண்டு எழுத்தும் ஒன்றே.

தீர்வு எளிது. எழுத்துகளை ஒற்றைக் கோடுகளாக வைத்திருக்கும் எழுத்துருவை அந்த இடத்தில் பொருத்த வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் டால்கிரன் ஆய்வகத்தில் பணிபுரிந்த ஆலன் ஹெர்ஷி 1967இல் வெளியிட்ட எழுத்துத் தொகுப்பு இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ரோமன், கிரேக்கம், சிரிலிக், ஜப்பானிய எழுத்துகள் வரை எல்லாவற்றையும் நேர்கோட்டுத் துண்டுகளாக அவர் வகுத்து வைத்தார். பொறிப்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தப் புள்ளி. ஒற்றைக் கோட்டில் எழுதும்போது ‘ண்’ மேல் உள்ள புள்ளிக்கு நீளம் கிடையாது. கோப்பில் அது இப்படி இருந்திருக்கும்: ‘பி.யு. 800, 1200; பி.டி.; பி.யு.;’. அந்த இடத்துக்குப் போ, பேனாவை இறக்கு, அங்கேயே தூக்கு. ‘பி.டி.’க்குப் பின்னால் எண்ணே இல்லை. நகர்ந்தால்தான் கோடு என்று கணக்கு வைத்திருக்கும் மாற்றிகள் இதைப் பூஜ்ய நீளக் கோடு, தேவையற்ற அசைவு என்று கழித்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதனால் ‘ஐ’ எழுத்தின் தலைப்புள்ளி போகும், படிப்பவர் சமாளித்துக்கொள்வார். தமிழில் மெய்யெழுத்தே போய்விடும்.

மாற்றி புள்ளியை விட்டுவிடாமல் வைத்திருந்தாலும் வேலை முடிவதில்லை. பேனா தாளில் ஒரு நொடி நின்றால் மை ஊறிப் புள்ளி கொஞ்சம் பருக்கும். பிட் அப்படி ஊறாது. 0.2 மில்லிமீட்டர் இறங்கி ஏறினால் 0.23 மில்லிமீட்டரில் ஊசி குத்தியதுபோல ஒரு தடம், தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. கூம்பு பிட்டின் குணத்தையே இங்கே துணைக்கு அழைக்கலாம்: புள்ளிக்கு மட்டும் 0.35 இறக்கினால் அகலம் 0.4 ஆகும், எழுத்துக் கோட்டை விடப் புள்ளி எடுப்பாக நிற்கும். இதை எந்த மென்பொருளும் தானாகச் செய்யாது. தமிழ் தெரிந்த, பிட்டும் தெரிந்த ஒருவர்தான் செய்ய முடியும்.

ஓலைச்சுவடியில் எழுத்தாணி பிடித்தவர்களும் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி குத்தினால் ஓலை பழுதாகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் புள்ளியில்லா ஏடுகளோடு பட்ட பாடு நமக்குத் தெரியும். அவர்களுக்குச் செய்யுளின் யாப்பும் பொருளும் வழிகாட்டின. பலகையில் இருக்கும் ஓர் ஆளின் பெயருக்கு அந்தத் துணை கிடையாது. தகடு கிழியாது, பிட்டும் தயங்காது. இன்று புள்ளி விடுபட்டால் அது நம் கவனக் குறைவு மட்டுமே.

இன்னொரு கவனக் குறைவையும் சொல்லியாக வேண்டும். கணினியில் நாம் தட்டச்சு செய்யும் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் வெளிக்கோட்டு எழுத்துருக்கள். அவற்றை அப்படியே பொறித்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் இருபுறமும் இரண்டு வரி விழுந்து, எழுத்து உள்ளே வெறுமையாக நிற்கும். நான் பார்த்த பல நினைவுப் பரிசுகளும் கதவுப் பலகைகளும் இப்படித்தான் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் என் அத்தையின் பெயரை வெட்டிக் கொடுத்த பாத்திரக் கடைக்காரர், கருவியைத் தூக்காமல் ஒரே ஓட்டத்தில் ‘ல’வைச் சுழித்து முடிப்பார். அதிர்கிற ஊசியைப் பிடித்த அவர் கைக்கு எழுத்து ஒற்றைக் கோடாகத்தான் தெரியும். நல்ல பொறிப்புக் கோப்பு அந்தக் கையைப் போல இருக்க வேண்டும். நூற்றாண்டுகள் எழுத்தாணியால் கீறப்பட்டு உருவான எழுத்து நம்முடையது. ஒற்றைக் கோடு அதற்கு இயல்பானது. தமிழ் எழுத்துரு வடிவமைக்கும் நண்பர்கள் இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொழில் கற்றுக் கொடுப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை ஒரு நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். வெளியே வருகிற ஜி-கோடைத் திறந்து, முதல் இருபது வரிகளைப் படித்து, இசட் எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்று சொல்லக் கற்றுக்கொடுங்கள். அந்தப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு எந்த நிறுவனத்தின் மெஷினும் அந்நியமாகாது. அது இல்லாதவர், மென்பொருளின் பதிப்பு மாறும்போதெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கடிதம் எழுதிய அன்பருக்கு நான் சொல்வது இதுதான். அப்பாவின் மூலக் கோப்புகளை மாற்றாமல் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து, எண்ணில்லாத ‘பி.டி.’ எத்தனை, ‘எல்.பி.’ எத்தனை என்று தேடிப் பாருங்கள். பூஜ்ய நீள அசைவைக் கழிக்காத மாற்றியைத் தேர்ந்தெடுங்கள். கிடைக்காவிட்டால் புள்ளிக்குரிய மூன்று வரிகளைக் கையாலேயே சேருங்கள். முதல் ஓட்டத்தைத் தகட்டுக்கு மேலே காற்றில் ஓட்டிப் பாருங்கள். பொறித்து முடித்ததும் பிட்டின் கோணம், ஆழம், வேகம், தகட்டின் வகை நான்கையும் அந்த ஜி-கோடு கோப்பின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் குறித்து வையுங்கள். ஜி-கோடு அதைக் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போகும், மெஷினுக்கு இடைஞ்சல் இல்லை. உங்களுக்குப் பிறகு இந்தக் கோப்பைத் திறப்பவருக்கு, உங்கள் அப்பாவின் கோப்பு உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஐந்து எண்களும் இந்தக் குறிப்போடு சேர்ந்து கிடைத்துவிடும்.