சுரங்க கம்பெனி வெப்சைட்டில் பச்சை போட்டோவைத் தாண்டி என்ன பார்க்கணும்?

மைனிங் பங்கு வாங்குறதுக்கு முன்னாடி பி.இ. ரேஷியோ, கடன், டிவிடெண்ட் எல்லாம் பார்ப்போம். கம்பெனி வெப்சைட்டில் "சுற்றுச்சூழல்"னு ஒரு பக்கம் இருக்கும். மரக்கன்று, சோலார் பேனல், ஹெல்மெட் போட்டு சிரிக்கிற ஊழியர்கள். அதை யாரும் படிக்கிறதில்லை. ஆனா அந்த மாதிரி பக்கங்களில் எழுதினதை வச்சே ஒரு பெரிய கம்பெனி மேல வழக்கு வந்திருக்கு.

பிரேசிலின் வாலே, உலகின் மிகப் பெரிய இரும்புத்தாது கம்பெனிகளில் ஒன்று. தாதுவைப் பிரிச்சதும் தண்ணி கலந்த சேறு மிஞ்சும். அதை ஒரு அணை கட்டித் தேக்கி வைப்பாங்க. செலவைக் குறைக்க, ஏற்கனவே தேங்கின சேற்றின் மேலேயே அடுத்த கரையை எழுப்புற முறையும் உண்டு. உள்ளே தண்ணி ஊறினா, கெட்டியா தெரியுற சேறு திடீர்னு குழம்பு மாதிரி ஆகிடும். ஆபத்தே அங்கதான்.

2015ல் மரியானா பகுதியில், வாலேவும் பிஎச்பியும் சேர்ந்து நடத்திய சமார்கோவின் அணை உடைந்து 19 பேர் இறந்தாங்க. அதுக்கு அப்புறம் வாலே வெளியிட்ட சஸ்டைனபிலிட்டி ரிப்போர்ட்டில் என்ன சொன்னாங்க தெரியுமா? எங்க அணைகள் 100% உறுதியானவைன்னு சான்று வாங்கியிருக்கோம், கடுமையான சர்வதேச நடைமுறைகளைப் பின்பற்றுறோம்னு.

2019 ஜனவரி 25, புருமாடின்யோ. 86 மீட்டர் உயர அணை உடைந்தது. அணைக்குக் கீழேயே கம்பெனியின் கேன்டீனும் ஆபீஸும் இருந்தன. 270 பேர் இறந்தாங்க. அடுத்த வர்த்தக நாளில் பிரேசில் சந்தையில் பங்கு சுமார் 24% விழுந்தது.

அந்த அணைக்கும் சான்று இருந்தது! கொடுத்தது, வாலே காசு கொடுத்து அமர்த்தின ஆய்வு நிறுவனம். என்னைக் கேட்டா, "100%"ங்கிற நம்பரைப் பார்த்ததும் முதலில் கேட்க வேண்டியது, அளந்தவருக்குச் சம்பளம் யார் கொடுத்தாங்கன்னுதான்.

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் எஸ்.இ.சி. (நம்ம செபி மாதிரி) வழக்கு போட்டது. அணை தரத்துக்கு ஏற்றபடி இல்லைன்னு தெரிஞ்சும் முதலீட்டாளர்களைத் தவறா நம்ப வச்சாங்கங்கிறது குற்றச்சாட்டு. 2023 மார்ச்சில் 5.59 கோடி டாலருக்கு சமரசம் ஆச்சு. அணை உடைஞ்சதில் 400 கோடி டாலருக்கு மேல சந்தை மதிப்பு போனதுன்னு எஸ்.இ.சி.யே சொல்லியிருக்கு. அதோட ஒப்பிட்டா இந்த 5.59 கோடி கொசுறுதான். மீதி நஷ்டம் பங்கு வச்சிருந்தவங்க தலையில.

சரி, நம்ம ஊர் பங்குக்கு எங்க பார்க்கிறது? பச்சை போட்டோவை விடுங்க. சந்தை மதிப்பில் முதல் 1000 இடத்தில் இருக்கிற லிஸ்டட் கம்பெனிகள் 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை கொடுக்கணும்னு செபி கட்டாயமாக்கியிருக்கு. ஆண்டறிக்கையைத் திறந்து அதில் 6-வது கொள்கைக்குப் போங்க. எவ்வளவு தண்ணி எடுத்தாங்க, எவ்வளவு கழிவு, சுற்றுச்சூழல் சட்டத்தை மீறினாங்களா, அபராதம் எவ்வளவு, வெளி நிறுவனம் சரிபார்த்ததா, பார்த்தது யார்னு கேள்விகள் இருக்கும். ஒரே வருஷத்தை மட்டும் பார்க்காதீங்க, முந்தின வருஷ நம்பரையும் பக்கத்தில் வச்சுப் பாருங்க. கழிவு திடீர்னு பாதியானா, உற்பத்தியும் குறைஞ்சிருக்கா இல்ல கணக்குப் போடுற முறை மாறியிருக்கான்னு அடிக்குறிப்பில் தேடுங்க.