மிச்சக் கதை – 14: அயோத்தியிலும் ஓர் அசோகவனம்

கம்பர் பட்டாபிஷேகம் முடித்து எல்லோருக்கும் விடை கொடுத்து அனுப்பிவிட்டதையும், அதற்குப் பிந்தைய கதையை மரபு ஒட்டக்கூத்தர் தலையில் கட்டியதையும் போன வாரம் பார்த்தோம். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். இந்த வாரம் கோதண்டராமர் கோயில் என்று சொல்லியிருந்தேன். போகலாம், ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகும் என் அக்கா மகன் ஜப்பானிய மங்காப் பைத்தியம். மசாஷி கிஷிமோட்டோவின் 'நருட்டோ' 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயம் ஓடியது. நாயகன் நருட்டோவும் ஹினாட்டாவும் கல்யாணம் செய்துகொண்டதையே அது காட்டவில்லை. அந்தக் காதலைச் சொல்லத் தனியாக ஒரு திரைப்படம் வர வேண்டியிருந்தது. 2016-இல் தொடங்கிய 'பொருட்டோ' அவர்கள் மகனின் கதை. "கல்யாணத்தோட சரி மாமா. ரெண்டு பேரும் உக்காந்து நாலு வார்த்தை பேசுறாங்களான்னு தேட வேண்டியிருக்கு. கடைசில காலமே ஓடாத ஏதோ ஒரு உலகத்துல ரெண்டு பேரையும் பூட்டி வச்சிட்டாங்க" என்று பொருமினான்.

"டேய், வால்மீகி பேர்லயே இது நடந்திருக்கு" என்றேன்.

உத்தரகாண்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ராமன் அரியணை ஏறியாயிற்று. அகத்தியர் வந்து உட்கார்ந்து ராவணன் பிறப்பு, தவம், திக்விஜயம், அனுமனின் பிள்ளைப்பிராயம் என்று முப்பதுக்கும் மேற்பட்ட சருக்கங்களுக்குப் பேசுகிறார். செத்துப்போன வில்லனுக்கு அத்தனை இடம்! சீதையும் ராமனும் தனியாக இருக்கும் காட்சி? ஒரே ஒரு சருக்கம், 42-ஆவது.

அது நடக்கும் தோட்டத்தின் பெயரைப் பார்த்துத்தான் இந்த வாரம் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. அசோகவனிகை! இலங்கையில் அவள் சிறையிருந்த வனத்துக்கும் அதே பெயர்தான். ராமன் பூவிரித்த ஆசனத்தில் அவளை அமர்த்தித் தன் கையால் மது ஊட்டுகிறான். இந்திரனும் இந்திராணியும் போல என்கிறார் கவி. ஆடல், பாடல். அவள் கருவுற்றிருப்பதைக் கண்டு, என்ன ஆசை என்று கேட்கிறான். கங்கைக்கரைத் தவவனங்களைப் பார்த்து ஓர் இரவாவது தங்க வேண்டும் என்கிறாள். நாளைக்கே போகலாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். அடுத்த சருக்கத்தில் ஊர்வாய் அவன் காதுக்கு வந்துவிடுகிறது. அவளைக் காட்டில் விட்டுவிடுவது என்ற முடிவைத் தம்பிகளிடம் சொன்னவன் அவளிடம் சொல்லவில்லை. ஆசைப்பட்ட இடத்துக்குத்தான் போகிறோம் என்றே அவள் தேரேறினாள். கங்கையைக் கடந்த பிறகு லட்சுமணன் அழுதுகொண்டே சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே நின்று ஒரு சண்டைகூடப் போடவில்லை. என் ஆத்திரமெல்லாம் இதில்தான்.

அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்துவைத்தது நம் ராமேஸ்வரத்துத் தலபுராணம். இருவரும் சேர்ந்து ஒரு காரியம் செய்வதற்குப் போருக்கும் பட்டாபிஷேகத்துக்கும் நடுவே அது ஓர் இடம் கண்டுபிடித்தது. லிங்கம் கொண்டுவரக் கயிலாயம் போன அனுமார் வரவில்லை, முகூர்த்தம் தப்பப்போகிறது. சீதை மணலைக் கூட்டிப் பிடித்துக் கொடுக்க, ராமன் பிரதிஷ்டை செய்கிறான்.

ஆனால் இங்கேயும் பாருங்கள், கதை உடனே அனுமார் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கோபத்தில் அவர் வாலால் மணல் லிங்கத்தைப் பெயர்க்கப் பார்த்தது, அவரைச் சமாதானப்படுத்த அவர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமன் வாக்குக் கொடுத்தது. அந்த வரிசைதான் இன்றும். 22 தீர்த்தமும் ஆடிச் சொட்டச் சொட்டப் பிராகாரத்தில் வருகிறவர்களுக்கு வழிகாட்டிகள் விஸ்தாரமாகச் சொல்வதும் வால் கதையைத்தான். மணல் பிடித்தவள் சீதை. சுவாமிக்குப் பெயர் ராமநாதர்.

பக்கம் தீர்ந்துவிட்டது. தனுஷ்கோடிச் சாலையில் இருக்கும் கோதண்டராமர் கோயிலில் விபீஷணருக்கு முடிசூட்டுவது அடுத்த வாரம், கட்டாயம்.

(தொடரும்)