எவரெஸ்ட் பனியில் ஓர் இரவற் கருவி

நம் புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டில் அகழ்ந்த வீலர் என்பார், ரோம நாட்டு மட்கலத் துண்டுகள் எந்த மண்ணடுக்கிற் கிடந்தன என்று குறித்துக்கொண்டே, உடன்கிடந்த நம் நாட்டுக் கலங்களின் காலத்தை அறுதியிட்டார். கிடந்த இடம் தெரியாவிடின் அவ்வோடுகள் காலம் சொல்லமாட்டா. இவ்விதி எவரெஸ்ட் சிகரத்தின் பனிக்கும் பொருந்துமாற்றை ஈண்டுச் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

1924 ஜூன் 8-ஆம் நாள் மல்லோரி, இர்வின் என்னும் ஆங்கிலேயர் இருவர் அச்சிகரத்தை நோக்கி ஏறித் திரும்பாதொழிந்தனர். உச்சியை அடைந்தனரோ, இலரோ? அதற்குச் சான்றாகக்கூடியது சிறிய கோடக் புகைப்படக் கருவியொன்று. அதனை மல்லோரிக்கு இரவல் கொடுத்தவர், இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள நெய்யூர் மிஷன் வைத்தியசாலையிற் பல்லாண்டு சத்திரசிகிச்சை செய்து, பின்னர் வேலூர் மருத்துவக் கல்லூரியிற் கற்பித்த ஸாமர்வெல் வைத்தியரே. அவரும் நான்கு நாள் முன்னர்ச் சுமார் 28,000 அடி வரை ஏறி, இறங்குங்கால் தம் பனிக்கோடரியை நழுவவிட்டுத் திரும்பியவர்.

1933-இல் வின் ஹாரிஸ் என்பவர் வேறோர் இடத்தில், ஏறக்குறைய 27,700 அடி உயரத்தில், பழைய பனிக்கோடரியொன்றைக் கண்டார். அதன் பிடியிலிருந்த மூன்று கீற்றுக்களைக் கொண்டு அஃது இர்வினுடையதெனப் பிற்காலத்தார் துணிந்தனர். அவரோ அதனை எடுத்துக்கொண்டு, தம் கோடரியை அவ்விடத்தில் வைத்துவிட்டு வந்தார்! மூச்சு முட்டும் அவ்வுயரத்தில் அளவெடுத்துக் குறிக்கவில்லையே என்று குறைகூற யாம் துணியோம். எனினும், அது விழுந்துகிடந்ததா, வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்னும் வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

1999-இல் மல்லோரியின் உடல் சுமார் 26,760 அடியிற் கிடைத்தது. இடுப்பில் அறுந்த கயிறு. பையில் கண்கூச்சம் காக்கும் கண்ணாடி. கைக்குட்டையிற் சுற்றிய கடிதங்கள். நம் கடற்கரையூரில் ஒரு மழைக்காலத்திலேயே பூஞ்சணம் பூக்கும் காகிதம், அங்கே குளிராலும் வறட்சியாலும் 75 ஆண்டு கழிந்தும் வாசிக்கத்தக்கதாயிருந்தது. கண்ணாடி பையிலிருந்தமையால் பொழுதுபட்ட பின்னரே இறங்கியிருத்தல் கூடுமென ஊகிப்பாருமுளர். ஓர் உறையின் புறத்தே பிராணவாயுக் கலங்களின் அழுத்த அளவுகள் குறிக்கப்பட்டிருந்தன. எண்ணிக்கை பார்த்த அக்குறிப்பு, ஆராய்ச்சியாளர்க்குக் கடிதத்தினும் பெரிதாயிற்று.

கருவி மட்டும் அங்கில்லை. கிடைக்குமாயினும், அதற்கு ஆபத்து மலையிலன்று, கீழே கொணர்ந்த பின்னரே. வெப்பமும் ஈரமும் பட்டால் படச்சுருளின் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும். மூடியைத் திறந்தால் வெளிச்சம் எஞ்சியதையும் அழிக்கும். ஆதலின் குளிர் மாறாமற் காத்து, இருட்டறையிலேயே திறத்தல் வேண்டும்.

2024-இல் மத்திய ரோங்பக் பனியாற்றில், இர்வின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பாதம் வெளிப்பட்டது. பனியாறோ நகர்வது, அது கிடந்த இடம் அவர் வீழ்ந்த இடமன்று. நெய்யூர் வைத்தியரின் கருவி இன்னும் கிடைத்திலது.