கடல் போட்ட வைப்பு
கரை ஓரிடத்தில் நிற்பதில்லை – 14

சென்ற வாரம் தனுஷ்கோடியில் நின்றோம். 1964 டிசம்பர் புயலில் கடல் எடுத்துக்கொண்ட ஊர் அது. இந்த வாரம் கடல் கொடுத்த ஊருக்குப் போவோம்.

ஃபோர்ட் கொச்சி படகுத்துறையில் வண்டியோடு ஏறிக்கொள்ளும் ரோ-ரோ படகைப் பிடித்தால், கையில் இருக்கும் டீ ஆறுவதற்குள் எதிர்க்கரை வந்துவிடுகிறது. அந்தக் கரைக்கு வைப்பின் என்று பெயர். சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்கு, கடலுக்கும் காயலுக்கும் நடுவே வெண்டைக்காய் போலக் கிடக்கும் மெல்லிய தீவு. 'வைப்பு' என்ற சொல்லில் பிறந்த பெயர் என்கிறார்கள்: கடல் கொண்டுவந்து வைத்த நிலம். அதன் தென்முனைக்குப் புதுவைப்பு என்றே பெயர். வங்கியில் போடும் பணத்துக்கும் நாம் இதே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். பணத்துக்கு முதிர்வுத் தேதியை ரசீதில் அச்சடித்துத் தருவார்கள். நிலத்துக்கான ரசீதைக் கடல் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது.

வைப்பின் பிறந்தது 1341-இல் என்பது மரபு. அந்த ஆண்டிலிருந்து தொடங்கும் 'புதுவைப்பு' என்ற ஆண்டுக் கணக்கும் கொச்சியில் புழங்கியது. அரசன் பட்டமேறியதை வைத்து ஆண்டு எண்ணும் வழக்கம் நமக்குத் தெரியும். ஒரு மணல்திட்டு தலைதூக்கியதை வைத்து ஆண்டு எண்ணியவர்கள், அதன் விலை தெரிந்தவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அதற்கு முன் இந்தக் கடற்கரையின் வாசல் வடக்கே, கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்தது. நமக்குப் பழகிய பெயரில் சொன்னால், முசிறி. யவனர் கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய காட்சி அகநானூற்றில் உண்டு. வியன்னாவில் இருக்கும் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று, முசிறி வணிகத்துக்காக எழுதப்பட்ட கடன் ஒப்பந்தம். 'ஹெர்மபோலன்' என்ற கப்பலில் வந்த தந்தமும் துணியும் நறுமணப் பொருளும் அதில் கணக்காக இருக்கின்றன. பாட்டும் கடன் பத்திரமும் ஒரே துறைமுகத்துக்குச் சாட்சி சொல்வது அபூர்வம். 2007 முதல் அகழாய்வு நடந்த பட்டணம் என்ற சிற்றூரில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. அதுதான் முசிறியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஒன்று மட்டும் உறுதி. அன்று கப்பல் சரக்கு வந்திறங்கிய அந்த ஊர், இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே தென்னந்தோப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது.

காரணம் பெரியாறு. மலையிலிருந்து மண்ணை அள்ளிவருகிற ஆறு, கடல் அலையோடு மோதும் இடத்தில் அதைப் போட்டுவிடும். ஆண்டுதோறும் நடக்கும் வேலை இது. 1341-இல் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே காயலின் வாயைக் கொச்சியில் அகலத் திறந்துவிட்டது என்பது பரவலான விளக்கம். வெள்ளம் ஒன்றே செய்த வேலையா, பல தலைமுறைச் சேறு செய்ததா என்று ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தளபதி செங் ஹேயின் கப்பற்படையோடு வந்த மா ஹுவான், கொச்சியைத் தனி நாடாகவே எழுதிவைக்கிறார். பின்னாளில் கொச்சி அரசர்கள் எனப்பட்ட பெரும்படப்பு அரசர்களும் கொடுங்கல்லூரை விட்டு ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே கொச்சிக்கு வந்துவிட்டார்கள்.

வாசல் நகர்ந்தது, வாசலை நம்பிப் பிழைத்தவர்களும் நகர்ந்தார்கள். மட்டாஞ்சேரி யூதர் கோயிலின் சுற்றுச்சுவரில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். கொச்சங்காடி என்ற இடத்தில் இருந்த பழைய யூதர் கோயிலின் கல் அது. அதில் உள்ள ஆண்டு 1344. வெள்ளத்துக்கும் அதற்கும் மூன்றே ஆண்டு இடைவெளி.

புதிய துறைமுகத்துக்கு ஆள் வேண்டும். மிளகை எடைபோட, கப்பல் பழுது பார்க்க, கடன் கொடுக்க, மொழி பெயர்க்க. கொச்சி அரசர்கள் வந்தவர்களுக்கெல்லாம் இடம் கொடுத்ததில் பெருந்தன்மை இருக்கலாம். சுங்க வருமானமும் இருந்தது. 1500-இல் போர்ச்சுகீசியர் வந்தார்கள். அவர்கள் கோவாவில் கொடுத்த நெருக்கடிக்குத் தப்பிய கொங்கணிகள், அவர்களின் நட்பில் இருந்த இதே கொச்சிக்கு வந்து திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் குடியேறினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பரதேசி யூதர்கள் 1568-இல், அரண்மனையை ஒட்டியே அந்த மட்டாஞ்சேரிக் கோயிலைக் கட்டினார்கள். 1663-இல் டச்சுக்காரர், 1795-இல் ஆங்கிலேயர். குஜராத்திகள், கச்சி மேமன்கள், தெலுங்குச் செட்டிகள், தக்னி உருது பேசுவோர் என ஒவ்வொருவரும் ஒரு தெருவைப் பிடித்தார்கள்.

நம்மவர்களும் இருக்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியில் உள்ள தோபி கானாவில் நுழைந்தால் தமிழ் காதில் விழும். டச்சுச் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கூட்டிவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழியினர் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. கல்தொட்டிகள் வரிசையாக நிற்கின்றன. வெளியே வெயிலில் இரண்டிரண்டாக முறுக்கிக் கட்டிய கயிறுகள். முறுக்கின் இடுக்கில் துணி நுனியைச் செருகிவிடுகிறார்கள். கிளிப்புக்கு அங்கே வேலையில்லை.

"சொந்த ஊர் எதுங்க ஐயா?" என்று தேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"எங்க தாத்தாவுக்குத் தாத்தாவே இங்கதான் தம்பி வெளுத்தாரு. ஊருன்னா இதான்" என்றார், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மணலின் கதைக்கு வருவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சியின் வாயிலும் மணல்மேடு தடுத்து நின்றது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டன. சரக்கு படகில் வந்தது. 1920-இல் சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன், ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளரை அனுப்பினார். அன்று ஃபோர்ட் கொச்சி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. பிரிஸ்டோ மணல்மேட்டை வெட்டி ஆழக் கால்வாய் திறந்தார். 1928-இல் 'பத்மா' என்ற கப்பல் அதன் வழியே உள்ளே வந்தது. அள்ளிய மண்ணைக் காயலில் கொட்டி உருவாக்கியதே வில்லிங்டன் தீவு. முன்பு கடல் போட்டுவந்த வைப்பை இம்முறை மனிதர் போட்டார்கள்.

ஆனால் கடற்கரை மணலுக்கு ஒரு நடமாட்டம் உண்டு. பருவத்துக்குப் பருவம் அலையோடு வடக்கும் தெற்கும் போய்வரும். நடுவில் ஆழமாக ஒரு கால்வாயை வெட்டி, ஆண்டுதோறும் தூர்வாரிக்கொண்டே இருந்தால், கரையோடு போகிற மணல் பள்ளத்தில் விழுந்துவிடும். அள்ளியதைக் கப்பல் ஆழ்கடலில் கொட்டிவிடும். கால்வாய்க்கு வடக்கே புதுவைப்பில் கரை வளர்ந்தது. கலங்கரை விளக்கமும் எல்என்ஜி முனையமும் இன்று அங்கே நிற்கின்றன. தெற்கே ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை மெலிந்தது. அதற்கும் தெற்கே, செல்லானம் வரைக்கும் அலை வீட்டுக்குள் வரத் தொடங்கியது. மணல் ஏன் குறைந்தது என்பதற்கு மீன்பிடித் துறைமுகச் சுவர்களையும் பழைய கல்தடுப்புகளையும் சேர்த்துக் காரணம் சொல்கிறார்கள். அந்தக் கரையில் இருப்பவர்கள் விரலை முதலில் நீட்டுவது கப்பல் கால்வாயை நோக்கித்தான்.

செல்லானத்தில் பெரும்பாலும் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள். 2017 ஒக்கி புயல் அவர்கள் வீடுகளுக்குள் புகுந்தது. 2021 டவ்தே மறுபடி புகுந்தது. காற்றே இல்லாத நாளிலும் தூரத்துத் தென்கடலில் எழுந்த அலை சொல்லாமல் வந்து ஏறும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. இன்று அறிவியல் கட்டுரைகளிலும் அதே பெயர்தான். அரசு 344 கோடி ரூபாயில் ஏழு கிலோமீட்டருக்கும் சற்று அதிகமாக டெட்ராபாட் கான்கிரீட் சுவர் எழுப்பியது. நம் கரையில் தூண்டில் வளைவு என்பதை அங்கே புலிமுட்டு என்பார்கள். அவையும் சில இடங்களில் வந்தன. சுவருக்குப் பின்னால் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே, கண்ணமாலியில், மழைக்காலம் வந்தால் மணல் மூட்டையைத் தேடுகிறார்கள்.

கடலோரம் 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் விலகிப் போக விரும்பினால், 'புனர்கேகம்' திட்டத்தில் அரசு 10 லட்சம் ரூபாய் தருகிறது. கொச்சியைச் சுற்றி அந்தத் தொகைக்கு நிலமும் வீடும் எங்கே கிடைக்கும் என்பது அவர்கள் கேள்வி. கிடைத்தாலும் அங்கிருந்து கடல் தெரியாது. விடியலில் நீரின் நிறம் பார்த்து வள்ளம் இறக்குகிறவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

திரும்பும்போது மீண்டும் மட்டாஞ்சேரி யூதர் கோயில் வழியாக வந்தேன். அங்கே பாதுகாக்கப்படும் செப்பேடு கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குத் தந்தது. வட்டெழுத்தில் வெட்டியது. மன்னன் அதைத் தந்த இடமாக அது குறிப்பிடுவது முயிரிக்கோடு, அதாவது பழைய முசிறி. அது கொடுத்தது 72 உரிமைகள்: வரிவிலக்கு, பல்லக்கு, குடை, பகல் விளக்கு என்று. உரிமை ஆளுக்கும் அவர் வழியினருக்கும் உரியதாக இருந்தது. எந்தத் துண்டு நிலத்தோடும் கட்டிப்போடவில்லை. துறை தூர்ந்தபோது துறைமுகத்தை விட்டுவிட்டார்கள், செப்பேட்டைக் கையோடு கொண்டுவந்தார்கள். இறங்கிய புதுக்கரையில் அதைக் காட்டி நிமிர்ந்து நிற்க முடிந்தது.

செல்லானத்து மீனவரிடமும் ஒரு பத்திரம் இருக்கிறது. அதில் சர்வே எண் இருக்கிறது, நான்கெல்லை இருக்கிறது, தீர்வை கட்டிய ரசீதும் சேர்த்துத் தைத்திருக்கிறது. மேற்கெல்லை கடற்கரை என்று எழுதியிருக்கும். அந்தக் கடற்கரை இப்போது அவர் அடுப்பங்கரைக்குக் கிழக்கே வந்துவிட்டது.

(அடுத்த வாரம்: கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளையும் குட்டநாடு)